மஜ்ஜை எடுப்பது முதுகுத்தண்டில் இல்லை: பெற்றோருக்கான தமிழ்த் தாள்களைத் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

சிறார் மருத்துவமனைகளில் பெற்றோருக்கான தமிழ் விளக்கத்தாள்களை எழுதுவோர், திருத்துவோர், அச்சுக்கு ஒப்புதல் தருவோர் அனைவருக்கும் வணக்கம்.

இரத்தவியல் ஆய்வகம், சிறார் வார்டு, தமிழ் மொழிபெயர்ப்பு என்று வெவ்வேறு மேசைகளில் வேலை செய்யும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். கேட்க வந்தது ஒன்றுதான். எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையைப் பற்றிய தமிழ்த் தாளில் ‘முதுகு’ என்ற சொல்லே வர வேண்டாம். மற்றதெல்லாம் அதைத் தொட்டு வருபவை.

‘முதுகில் ஊசி செலுத்தி மஜ்ஜை எடுக்கப்படும்’ என்று ஒரு வரி போதும். படிக்கிற அம்மாவுக்கு முதுகுத்தண்டு நினைவுக்கு வரும். தண்டில் ஊசி பட்டால் கால் விழுந்துவிடும் என்பது நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் பயம். பேனாவைக் கையில் எடுத்த அப்பா கீழே வைத்துவிட்டு, “ஊர்ல பெரியவங்கள ஒரு வார்த்தை கேட்டுக்கிறோம்” என்பார். குழந்தையின் இரத்தத்தில் முதிராத வெள்ளணுக்கள் தென்பட்டிருக்கும் வேளையில் அந்த ஒரு வார்த்தைக்குப் போகும் ஒரு நாள் பெரிய நாள்.

உண்மையில் ஊசி போவது இடுப்பெலும்புக்குள். இடுப்புக்குக் கீழே, பிட்டத்தின் மேல்பக்கத்தில், நடுக்கோட்டுக்கு இரு புறமும் இரண்டு சிறு குழிகள் தெரியும். குழந்தையைக் குளிப்பாட்டும் எந்தத் தாய்க்கும் அவை தெரியும். அந்தக் குழிக்கு அடியில் இருக்கும் எலும்பு விளிம்புதான் இடம். தண்டுவடம் அந்த மட்டத்துக்கு வெகு மேலேயே முடிந்துவிடுகிறது: பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பில், பெரியவர்களுக்கு முதல் இரண்டு முள்ளெலும்புகளின் மட்டத்தில். அதோடு, ஊசி நடுக்கோட்டிலிருந்து விலகிப் பக்கவாட்டு எலும்பைத்தான் துளைக்கிறது. கைக்குழந்தைகளுக்குச் சில வேளை முழங்காலுக்குக் கீழே, முன்னங்கால் எலும்பின் உட்பக்கத்தில் எடுப்பார்கள். பெரியவர்களுக்குச் சில வேளை பயன்படும் நெஞ்செலும்பைக் குழந்தைகளிடம் தொடுவதில்லை. அது மெல்லியது, அடியிலேயே இதயம்.

படத்தில் அந்தக் குழி இரண்டையும் காட்டி, ‘இங்கே’ என்று அம்புக்குறி போட்டாலே பாதி வேலை முடிந்தது. இப்போது தாள்களில் வரும் படங்களில் பெரும்பாலும் முழு முதுகும் முள்ளெலும்பு வரிசையோடு இருக்கிறது. எழுத்தில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அந்த ஒரு படம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

குழப்பத்துக்குப் பெற்றோரைக் குறை சொல்லவும் முடியாது. முதுகில் போடும் ஊசி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. இரத்தப் புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள குழந்தைக்கு மூளை, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரையும் பார்க்க வேண்டும். அதற்கு இடுப்பு முள்ளெலும்புகளின் இடைவெளியில், தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே, மெல்லிய ஊசி செலுத்தி ஓரிரு மில்லிலிட்டர் நீர் எடுப்பார்கள். நோய் உறுதியானால் அதே ஊசி வழியாக மருந்தும் செலுத்துவார்கள். இரண்டுக்கும் குழந்தை படுக்கும் விதம் பெரும்பாலும் ஒன்றே: ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி. பல வேளைகளில் ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடித்துவிடுவார்கள். திரும்பி வரும் குழந்தையின் பின்புறத்தில் அருகருகே இரண்டு பிளாஸ்திரிகள். தாளில் ஒரே பத்தி. எது எது என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே இரண்டுக்கும் தனித்தனித் தாள், தனித்தனிப் பெயர். ஒன்று ‘இடுப்பெலும்பு மஜ்ஜைப் பரிசோதனை’. மற்றது ‘தண்டுவட நீர்ப் பரிசோதனை’. முன்னேற்பாடும் வேறுபடுகிறது. தட்டணு, அதாவது எல்லாரும் பிளேட்லெட் என்று சொல்வது, மிகக் குறைந்திருந்தாலும் மஜ்ஜை எடுக்கலாம். எலும்பின்மேல் நன்றாக அழுத்திப் பிடித்தால் இரத்தம் நின்றுவிடும். தண்டுவட நீர் எடுக்கும் இடத்தில் அப்படி அழுத்த வழியில்லை. அதனால் அதற்கு முன் தட்டணு எண்ணிக்கை பொதுவாக மைக்ரோலிட்டருக்கு 50,000 ஆவது இருக்க வேண்டும் என்பார்கள், குறைந்தால் ஏற்றுவார்கள். ஹீமோஃபிலியா போல உறைதல் காரணி குறைந்த குழந்தைக்கு இரண்டிலுமே முதலில் அந்தக் காரணியைக் கொடுத்தாக வேண்டும். ‘இரத்தம் கசியக்கூடும்’ என்று பொத்தாம் பொதுவாக ஒரு வரி எழுதினால் இவற்றில் எதுவும் தெரியாது.

‘மஜ்ஜை’ என்ற சொல்லுக்கு வருவோம். அதை விளக்கத் தாள் பாடுபட வேண்டியதில்லை. நல்லி எலும்பு தெரியாத தமிழ் வீடு ஏது? கோல்டன் மைல் உணவு நிலையத்தில் சிவந்த குழம்பில் மிதக்கும் சூப் தூலாங் என்ற ஆட்டெலும்பை உறிஞ்சுகுழல் வைத்து உறிஞ்சியவருக்கு மஜ்ஜை எலும்புக்குள் இருப்பதும், அது உறிஞ்சினால் வருவதும் தெரியும். ஒரே ஒரு திருத்தம் சொன்னால் போதும்: வளர்ந்த ஆட்டின் கால் எலும்பில் வருவது பெரும்பாலும் கொழுப்பு, குழந்தையின் எலும்பில் இருப்பது சிவந்த, இரத்தம் ஊறும் மஜ்ஜை. சிவப்பணு, வெள்ளணு, தட்டணு மூன்றும் பிறப்பது அங்கே. (இந்த உவமையைத் தாத்தாவிடம் சொல்லுங்கள், குழந்தை பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம்.)

மஜ்ஜையை எடுத்தால் எலும்பு கூடாகிவிடும், பிள்ளை வளராது என்ற கவலையும் அடிக்கடி வரும். எண்ணைச் சொல்லுங்கள். எடுப்பது பெரும்பாலும் 5 முதல் 10 மில்லிலிட்டர், அதாவது ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி. 15 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஓடும் இரத்தம் மட்டும் 1,100 மில்லிலிட்டருக்கு மேல். எடுத்த மஜ்ஜையை உடல் தானே ஈடுகட்டிக்கொள்ளும்.

அடுத்தது சாப்பாடு. இங்கே ஒரு சொல் பெரிய வம்பில் மாட்டிவிடுகிறது. ‘விரதம்’ என்று எழுதினால் பாட்டி பாலும் வாழைப்பழமும் கொடுப்பார். விரதத்தில் பால், பழம் உண்டே! ‘நோன்பு’ என்று எழுதினால் முஸ்லிம் குடும்பத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுக்க மாட்டார்கள். குழந்தை வறண்டு போய், கையில் நரம்பு கிடைக்காமல், ஊசி போடும் தாதி திணறுவார். இரண்டு சொல்லும் வேண்டாம். மணிக்கணக்கை எழுதுங்கள். வழக்கமான விதி: திட உணவு, பசும்பால், பால் மாவு எல்லாம் மயக்கத்துக்கு 6 மணி நேரம் முன்பே நிற்க வேண்டும், தாய்ப்பால் 4 மணி நேரம் முன்பு, தண்ணீரும் சக்கையில்லாத தெளிந்த ஆப்பிள் சாறும் 2 மணி நேரம் வரை, சில இடங்களில் 1 மணி நேரம் வரை. மைலோ தெளிந்த நீர் கிடையாது என்பதைத் தனி வரியில் எழுதுங்கள், மிகையாகாது. கஞ்சித் தண்ணீரும் அப்படியே. உங்கள் மருத்துவமனையின் நேரம் இதிலிருந்து மாறினால் அந்த நேரத்தைப் போடுங்கள், ‘நள்ளிரவுக்குப் பிறகு எதுவும் கூடாது’ என்று மட்டும் எழுதாதீர்கள். பிற்பகல் 2 மணிக்குப் பரிசோதனை என்றால் மூன்று வயதுப் பிள்ளை பதினான்கு மணி நேரம் பட்டினி கிடக்கும்.

காரணத்தையும் அரை வரியில் சேருங்கள். மயக்கத்தில் இருமலும் விழுங்குதலும் அடங்கிவிடும், வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். இதைப் படித்த பாட்டி, அழுகிற பிள்ளைக்கு மறைவாக ஒரு பிஸ்கட்டைக் கூடக் கொடுக்க மாட்டார்.

‘மயக்கம்’ என்பதும் இரட்டைப் பொருள் கொண்ட சொல்தான். தமிழில் மயக்கம் போட்டு விழுவதும் மயக்கம், மருந்தால் தூங்க வைப்பதும் மயக்கம். ‘குழந்தைக்கு மயக்கம் வரும்’ என்று எழுதாமல் ‘மருந்து கொடுத்துத் தூங்க வைப்பார்கள்’ என்று எழுதலாம். தூக்கத்தோடு தோலிலும் எலும்பின் மேலுறையிலும் மரத்துப்போகும் மருந்து போடுவார்கள். அந்த மருந்து எலும்புக்குள்ளே எட்டாது. மஜ்ஜையை உறிஞ்சும் அந்த ஓரிரு நொடி வலிக்கு ஊசி மருந்து எதுவும் செய்ய முடியாது என்பதால்தான் குழந்தைகளைத் தூங்க வைக்கிறார்கள். தோலில் பூசும் மரப்புக் களிம்பு கொடுத்தால் அது வேலை செய்ய ஒரு மணி நேரம் வேண்டும், வார்டுக்கு வந்ததும் பூசிவிட வேண்டும்.

பரிசோதனை அறைக்குள் நடப்பதைத் தாள்கள் ‘மாதிரி சேகரிக்கப்படும்’ என்று மூன்று சொல்லில் கடந்துவிடுகின்றன. அங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இரண்டாம் முறை ஊசி போட நேர்ந்தால் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி ‘ஏன்?’. அதற்குப் பதில் இந்த இடத்தில் இருக்கிறது.

தோலைக் கிருமிநாசினியால் துடைத்து, மரப்பு மருந்து போட்டு, அது பிடிக்கும்வரை காத்திருப்பார்கள். பிறகு உள்ளே கம்பி செருகிய தடித்த ஊசியைச் சிறு திருகலாகத் திருகி எலும்பின் கடின மேலோட்டைத் துளைப்பார்கள். ஓடு விட்டதும் கையில் ஒரு நெகிழ்வு தெரியும். கம்பியை உருவி, சிரிஞ்சைப் பொருத்தி ஒரே வேகத்தில் இழுப்பார்கள். முதல் இழுப்பு அரை மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது. அதற்குமேல் இழுத்தால் சுற்றியுள்ள இரத்தக் குழாய்களிலிருந்து இரத்தம் புகுந்து மஜ்ஜையை நீர்க்கச் செய்துவிடும். கண்ணாடிச் சில்லில் பார்ப்பவருக்கு மஜ்ஜைக்குப் பதிலாக இரத்தம்தான் தெரியும். நூற்றுக்கு எத்தனை முதிரா அணு என்று எண்ணும் இடத்தில் இது கணக்கையே மாற்றிவிடும்.

அந்த முதல் அரை மில்லியைக் கண்ணாடிச் சில்லில் ஒரு துளி விட்டுச் சாய்த்தால், இரத்தம் வழிந்தோடி, ரவை போன்ற சாம்பல்வெள்ளைத் துகள்கள் ஒட்டி நிற்கும். ஓரத்தில் கொழுப்பின் எண்ணெய் மினுமினுப்பு. அந்தத் துகள்தான் மஜ்ஜை. ஆய்வகத் தொழில்நுட்பர் படுக்கை ஓரத்திலேயே நின்று ‘துகள் இருக்கு’ என்று சொன்ன பிறகுதான் மருத்துவர் அடுத்த இழுப்புக்குப் போவார். ‘இல்லை’ என்றால் ஊசியை எலும்புக்குள்ளேயே சற்றுத் திருப்பியோ நகர்த்தியோ மறுபடி முயல்வார்.

மஜ்ஜை வெகு சீக்கிரம் உறையும். நிமிடங்கள் போனால் துகளெல்லாம் கட்டிக்குள் சிக்கிவிடும், சில்லில் தடவ ஒன்றும் மிஞ்சாது. அடுத்தடுத்த இழுப்புகளில் வரும் சில மில்லிலிட்டர்களைக் குப்பிகளில் பிரிப்பார்கள். ஊதா மூடியில் ஈடிடிஏ, பச்சை மூடியில் ஹெப்பாரின், இரண்டும் உறையாமல் தடுப்பவை. குரோமோசோம் ஆய்வுக்கு அணுக்கள் உயிரோடு இருந்து வளர்ப்பூடகத்தில் பிரிய வேண்டும் என்பதால் ஹெப்பாரின் குப்பி. மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனையை ஹெப்பாரின் தடுத்துவிடும் என்பதால் அதற்கு ஊதாக் குப்பி. மூடி மாறினால் மாதிரி வீண். இது பெற்றோர் தாளுக்குத் தேவையில்லாத விவரம்தான். ஆனால் ‘போதுமான மாதிரி இருந்தும் ஒரு சோதனை செய்ய முடியவில்லை’ என்று சொல்ல நேரும் மொழிபெயர்ப்பாளருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சில குழந்தைகளுக்கு உறிஞ்சினால் எதுவும் வராது. மஜ்ஜை முழுக்கப் புற்று அணுக்கள் நெருக்கி அடைந்திருந்தாலோ, நார் படர்ந்திருந்தாலோ இப்படி ஆகும். டவுன் நோய்க்குறி உள்ள சிறு குழந்தைகளுக்கு வரும் ஒருவகை இரத்தப் புற்றுநோயில் இது சகஜம். அப்போது சற்றுத் தடித்த ஊசியால் ஈர்க்குச்சி மொத்தமுள்ள எலும்புத் துண்டு ஒன்றை எடுத்து, அதைச் சில்லின்மேல் மெல்ல ஒற்றி எடுப்பார்கள். ஒற்றிய இடத்தில் ஒட்டும் அணுக்களே அன்றைய விடைக்குப் போதுமானதாக இருக்கலாம். மீதித் துண்டு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்துக்குள் போகும். இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை, வார்டில் தட்டு வைப்பவர்களுக்கு: ஃபார்மலின் குப்பியைத் திறந்தபடி, ஈரம் காயாத சில்லுகளின் பக்கத்தில் வைக்காதீர்கள். அதன் ஆவி பட்டாலே சாயம் நீலப்பச்சையாக மாறி அணுக்கள் மங்கிவிடும். நம் ஊர் ஈரக்காற்றும் இதில் கைவரிசை காட்டும். சில்லை உடனே விசிறிக் காய வைக்காவிட்டாலோ, பதப்படுத்தும் மெத்தனால் புட்டியை மூடாமல் வைத்து அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டாலோ, சிவப்பணுக்களில் பளபளவென்று குமிழ்கள் தெரியும். அனுபவமில்லாத கண்ணுக்கு அவை நோய்போலவே இருக்கும்.

‘மறுபடியும் எடுக்க வேண்டியிருக்கலாம், மஜ்ஜை உறைந்துபோவது, துகள் வராதது, இரத்தம் கலப்பது ஆகியவை காரணம், யார் தவறும் இல்லை’ என்று ஒரு வரி முன்கூட்டியே தாளில் இருந்தால், இரண்டாம் ஊசியை யாரும் ஏமாற்றாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்தச் சோதனை யாருக்கெல்லாம் தேவையில்லை என்பதும் தாளில் இடம்பெற வேண்டும். சிங்கப்பூரில் குழந்தைக்குக் காய்ச்சலும் தட்டணுக் குறைவும் என்றால் முதலில் நினைவுக்கு வருவது டெங்கி. டெங்கியில் தட்டணு சரிவதும், காய்ச்சல் தணிந்த சில நாளில் ஏறுவதும் வழக்கம். அதற்கு மஜ்ஜை எடுப்பதில்லை. கிருமித் தொற்றுக்குப் பிறகு, மற்றபடி நன்றாக இருக்கும் பிள்ளைக்குத் திடீரென்று தோலில் செம்புள்ளிகள் தெரிந்து, தட்டணு மட்டும் குறைந்து, மற்ற அணுக்கள் எல்லாம் சரியாக இருந்தால், அது பெரும்பாலும் உடலின் எதிர்ப்புச் சக்தியே தட்டணுக்களை அழிக்கும் ஐடிபி என்ற நிலை. அமெரிக்க இரத்தவியல் சங்கத்தின் 2011 வழிகாட்டி, வழக்கமான ஐடிபி குழந்தைக்கு மஜ்ஜைப் பரிசோதனை அவசியமில்லை என்கிறது. பரம்பரை இரத்தச் சோகையான தலசீமியாவை இரத்தத்திலேயே ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்த்தும் மரபணு பார்த்தும் கண்டுபிடிக்கலாம். சிவப்பணுக்கள் எளிதில் சிதையும் ஜி6பிடி குறைபாட்டுக்குத் தொப்புள்கொடி இரத்தமே போதும், சிங்கப்பூரில் 1965 முதல் பிறந்த குழந்தைகளுக்கு அந்தச் சோதனை நடக்கிறது. இரும்புச்சத்துக் குறைவு, ஹீமோஃபிலியா இரண்டுக்கும் இரத்தச் சோதனைதான். ‘என் தங்கை பிள்ளைக்கும் இரத்தச் சோகைதானே, அவனுக்கு ஏன் ஊசி போடல?’ என்று வாட்ஸ்அப்பில் வரும் கேள்விக்கு அப்போது அம்மாவிடம் பதில் இருக்கும்.

தேவைப்படுவது எப்போது? இரத்தத்தில் முதிரா அணுக்கள் தெரியும்போது. காரணம் தெரியாமல் இரண்டு மூன்று வகை அணுக்கள் ஒன்றாகக் குறையும்போது: மஜ்ஜை வற்றிப்போன அப்பிளாஸ்டிக் சோகையா, இரத்தப் புற்றுநோயா என்று வெளி இரத்தத்தை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. நியூரோபிளாஸ்டோமா போன்ற கட்டி மஜ்ஜைக்குப் பரவியதா என்று அறிய வேண்டியபோது. அப்போது இடுப்பின் இரு பக்கமும் எடுப்பார்கள். ஏன் இரண்டு பக்கம் என்று பெற்றோர் திகைக்காமலிருக்க அதையும் சொல்லிவிடுங்கள். கட்டி ஓரிடத்தில் இருந்து மறு இடத்தில் இல்லாமலும் போகலாம்.

பெற்றோரிடம் மறக்காமல் கேட்க வேண்டிய ஒன்று: இதுவரை குழந்தைக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள்? குறிப்பாக ஸ்டீராய்டு. ஒருவகை இரத்தப் புற்று அணுக்கள் ஸ்டீராய்டு பட்டால் கரைந்து ஒளிந்துகொள்ளும். சில நாள் மருந்துக்குப் பிறகு மஜ்ஜை எடுத்தால் நோயே இல்லாததுபோலத் தெரியக்கூடும், பிறகு வீரியத்தோடு திரும்பும். மருத்துவர் எழுதியதை மட்டும் கேட்டால் போதாது. நாட்டு மருந்து, உருண்டை, சூரணம் எல்லாவற்றையும் கேட்க வேண்டும். சில பாரம்பரிய மருந்துகளில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருப்பதை சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. கேள்வியைக் கேட்கும் விதம் முக்கியம். ‘நாட்டு மருந்து கொடுத்தீர்களா?’ என்று அதட்டினால் ‘இல்லை’ என்றுதான் வரும். பப்பாளி இலைச் சாறு கொடுத்தீர்களா என்று சாதாரணமாகத் தொடங்கினால் மற்றதும் பின்னால் வரும்.

முடிவு எப்போது வரும் என்பதைத் தாளில் ஓர் அட்டவணையாகவே போடலாம். சாயம் ஏற்றிய சில்லை அன்றோ மறுநாளோ பார்த்துவிடுவார்கள். அணுக்களின் மேற்பரப்புக் குறிகளைப் பார்க்கும் ஃபுளோ சைட்டோமெட்ரி ஓரிரு நாள். எலும்புத் துண்டில் உள்ள சுண்ணாம்பைக் கரைத்து மென்மையாக்கி, பிறகு சீவ வேண்டும் என்பதால் அது சில நாள். அணுக்களை வளர்த்துக் குரோமோசோம் எண்ணுவது ஒன்று, இரண்டு வாரம். முதல் நாளே ‘இரத்தப் புற்றுநோய்’ என்று சொன்ன மருத்துவர் பத்தாம் நாள் ‘இன்னும் சில முடிவு வரணும்’ என்றால், பெற்றோருக்கு ஏதோ மறைக்கிறார்கள் என்று தோன்றும். முடிவுகள் வேறு வேறு பாதையில் வருகின்றன என்பது முன்பே தெரிந்திருந்தால் அந்தச் சந்தேகம் எழாது.

மொழிபெயர்ப்பில் கால் இடறும் இரண்டு இடங்கள். ஒன்று, ‘பிளாஸ்ட்’. இயந்திரத்திடம் கொடுத்தால் அது ‘வெடிப்பு அணுக்கள்’ என்று திருப்பித் தரலாம். பிள்ளையின் எலும்புக்குள் வெடிப்பு! ‘முதிரா அணுக்கள்’ என்று எழுதுங்கள். ஆனால் எச்சரிக்கையோடு: முதிரா அணுக்கள் ஆரோக்கியமான மஜ்ஜையிலும் 5 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும், கைக்குழந்தைகளின் மஜ்ஜையில் புற்று அணு போலவே தோன்றும் நல்ல இளம் நிணவணுக்கள் (ஒருவகை வெள்ளணு) நிறையவே இருக்கும். ‘முதிரா அணு இருக்கிறது’ என்பதாலேயே நோய் என்று ஆகாது. அதனால்தான் ஐந்நூறு அணுக்களை எண்ணி விழுக்காடு சொல்கிறார்கள்.

மற்றது இன்னும் கடினம். சிகிச்சை தொடங்கி முதல் கட்டம் முடியும்போது மறுபடி மஜ்ஜை எடுப்பார்கள். சிங்கப்பூரும் மலேசியாவும் சேர்ந்து நடத்திய மா-ஸ்போர் 2003 என்ற சிறார் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைத் திட்டத்தில் அது 33 ஆம் நாள், பிறகு 12 ஆம் வாரம். அதற்குள் பிள்ளை ஓடியாடும், நிறம் திரும்பியிருக்கும். ‘நல்லாத்தானே இருக்கான், ஏன் மறுபடி ஊசி?’ நியாயமான கேள்வி. நுண்ணோக்கியில் பார்க்கும் கண்ணுக்கு 5 விழுக்காட்டுக்குக் கீழே நோயைப் பிரித்தறிய முடியாது. அந்த நிலைக்குத் தணிவு என்று பெயர். நூற்றில் நாலு புற்று அணு மிஞ்சியிருந்தாலும் சில்லு சுத்தமாகத்தான் தெரியும். மரபணுவையோ மேற்பரப்புக் குறிகளையோ வைத்துத் தேடினால் 10,000 அணுவில் ஒன்றைக்கூடப் பிடிக்கலாம். அந்த அளவுக்கும் கீழே இறங்கிய பிள்ளைக்குச் சிகிச்சையைக் கடுமையாக்காமல் விடலாம், இறங்காத பிள்ளைக்குக் கூட்ட வேண்டும். மா-ஸ்போர் திட்டம் கட்டப்பட்டதே இந்த எண்ணின்மேல்தான். இதைத் தாளில் ‘எஞ்சிய நோய்’ என்று மட்டும் எழுதினால், முடிவு வருவதற்கு முன்பே நோய் எஞ்சிவிட்டதாக அம்மா அழுதுவிடுவார். ‘நோய் ஏதாவது எஞ்சியிருக்கிறதா என்று தேடும் சோதனை’ என்று முழுதாக எழுதுங்கள். அதேபோல ‘தணிவு’ என்பதைக் ‘குணம்’ என்று எழுதவே எழுதாதீர்கள். குணமாகிவிட்டதென்று மருந்தை நிறுத்திவிடும் வீடும் உண்டு.

பரிசோதனை முடிந்த பிறகு செய்ய வேண்டியவை சுருக்கமானவை. ஊசி இட்ட இடத்தின்மேல் மல்லாந்து படுத்தால் உடல் எடையே அழுத்தமாகிவிடும். முதல் கால் மணி நேரம் அப்படி வைத்திருங்கள். கட்டு ஒரு நாள் நனையக் கூடாது. மஞ்சள் பற்று, நல்லெண்ணெய், விபூதி எதுவும் காயத்தின்மேல் வேண்டாம். விபூதியை நெற்றியில் இடலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஓரிரு நாள் விழுந்து அடிபட்டதுபோல வலி இருக்கும். அதற்குப் பாரசிட்டமால், எடைக்கு ஏற்ற அளவில், மருத்துவர் சொன்ன இடைவெளியில். இபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் தட்டணுவின் வேலையைக் கெடுக்கும், ஆகவே கூடாது. இதில் பலரும் தவறவிடும் ஒரு படி: பாரசிட்டமால் கொடுக்கும் முன் வெப்பமானியை வையுங்கள். வெள்ளணு குறைந்த பிள்ளைக்குக் காய்ச்சல் ஒன்றே முதல் எச்சரிக்கை. மருந்து அதை மறைத்துவிட்டால் கிருமி இரத்தத்தில் பரவுவது தெரியாமலே போகும். 38 பாகை செல்சியசைத் தொட்டால் அந்த நேரமே மருத்துவமனை. ஆசனவாயில் வெப்பமானியோ மருந்துக் குளிகையோ வேண்டாம்.

இன்னொரு குழப்பம் தாளின் அட்டையிலேயே தொடங்குகிறது. ‘எலும்பு மஜ்ஜை’ என்று படித்ததும் தானம் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. 1993 இல் தொடங்கிய எலும்பு மஜ்ஜை தானத் திட்டத்தின் விளம்பரங்கள் எல்லாருக்கும் பரிச்சயம். அண்ணனையும் அக்காவையும் அழைத்துவந்து ‘இவங்க மஜ்ஜையும் எடுப்பீங்களா?’ என்று கேட்பார்கள். பரிசோதனைக்கு உடன்பிறப்பின் மஜ்ஜை தேவையே இல்லை. மாற்று சிகிச்சை வேண்டியிருந்தால் மட்டும், பொருத்தம் பார்க்க உடன்பிறப்பின் இரத்தத்தையோ கன்னத்தின் உட்புறத் தடவலையோ எடுப்பார்கள். ஒவ்வோர் உடன்பிறப்புக்கும் முழுப் பொருத்தம் அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

அந்த அக்காவைப் பற்றி இன்னொன்று. பன்னிரண்டு வயது, ஆங்கிலமும் தமிழும் சரளம் என்பதற்காக ஒப்புதல் படிவத்தை அவளைக் கொண்டு அம்மாவுக்கு மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். ‘தம்பிக்குப் புற்றுநோயா’ என்பதை அவள் முதலில் தெரிந்துகொண்டு, பிறகு தன் வாயாலேயே அம்மாவிடம் சொல்ல வேண்டியிருக்கும்.

புதிய வரைவு தயாரானால் அச்சுக்குப் போகும் முன் அதை உரக்கப் படித்துக் கேளுங்கள். கேட்பவர் தமிழாசிரியராக இருக்க வேண்டியதில்லை. தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும் ஒரு பாட்டி போதும். கேட்டு முடித்ததும் இரண்டு கேள்வி: ஊசி எங்கே போடுவார்கள்? பால் எப்போது நிறுத்த வேண்டும்? முதல் பதிலுக்கு அவர் கை முதுகின் நடுவே போனால் தாளைத் திருப்பி அனுப்புங்கள்.

தாளின் அடியில் அச்சிடும் தொலைபேசி எண்ணையும் ஒருமுறை இரவு 2 மணிக்கு அழைத்துப் பாருங்கள். காய்ச்சல் 38ஐத் தொடும் நேரம் அதுதான். எடுப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும், ‘மஜ்ஜை எடுத்த பிள்ளை, காய்ச்சல்’ என்ற மூன்று நான்கு சொல்லை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதைத் தமிழ் எழுத்திலேயே அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆய்வகத்திலும் வார்டிலும் மொழிபெயர்ப்பிலும் பணிபுரியும் சிலர்
சிங்கப்பூர்